யுவ புரஸ்கார்: தமிழில் 15 ஆண்டுகள்

கேள்வி: சாகித்திய அகாதமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது? தமிழில் யார் யாருக்குக் கிடைத்திருக்கிறது? 35 வயது வரம்பு நியாயமா? எனக்கு 31 வயது, முதல் தொகுப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. அனுப்பிப் பார்க்கலாமா?

பதில்:

யுவ புரஸ்கார் 2011இல் தொடங்கியது. அப்போது அகாதமியின் தலைவராக இருந்தவர் வங்க எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாய். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் வந்திருந்தது. அகாதமி ஏற்றுக்கொண்ட 24 மொழிகளிலும் மொழிக்கு ஒன்று என்பது கணக்கு. ஏதாவது ஒரு மொழியில் தகுந்த நூல் அமையாவிட்டால் அந்த ஆண்டு அந்த மொழிக்கு விருது இல்லாமலும் போகும். விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று எழுத்தாளருக்கு 35 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பரிசு 50,000 ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும்.

எதற்காக என்ற கேள்விக்குப் பதில் அகாதமியின் முதன்மை விருதான சாகித்திய அகாதமி விருதின் வரலாற்றில் இருக்கிறது. தமிழில் அது 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழ் இன்ப'த்தோடு தொடங்குகிறது. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனால் மனம் கனத்துவிடும். கு. அழகிரிசாமி 1970இல் இறந்தார், வயது 50கூட ஆகவில்லை. 'அன்பளிப்பு' தொகுப்புக்கு விருது கிடைத்ததும் அதே 1970க்குத்தான், அதை வாங்க அவர் இல்லை. ஆதவன் 1987இல் சிருங்கேரியில் ஆற்றோடு போனார், 45 வயது. 'முதலில் இரவு வரும்' நூலுக்கு அந்த ஆண்டின் விருது அறிவிக்கப்பட்டது. 'எழுத்து' பத்திரிகைக்காகக் கைப்பொருளை எல்லாம் செலவழித்த சி. சு. செல்லப்பா 1998இல் காலமானார், விருது 2001இல் வந்தது. இந்த மூன்று வரிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது அகாதமியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

உயிரோடு இருந்து வாங்கியவர்களுக்கும் காலம் தப்பித்தான் வந்தது. தி. ஜானகிராமனுக்கு 58 வயதில் கிடைத்தது, அதுவும் 'மோகமுள்'ளுக்கோ 'அம்மா வந்தா'ளுக்கோ இல்லை, 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு. லா. ச. ராமாமிர்தம் 'சிந்தாநதி'க்கு வாங்கியபோது 70ஐக் கடந்திருந்தார். அசோகமித்திரனுக்கு 65இல், வண்ணதாசனுக்கு 70இல். சுந்தர ராமசாமிக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஜெயகாந்தன் 1972இல் 38 வயதில் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளுக்கு வாங்கியது அபூர்வமான விதிவிலக்கு. இமையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது அவருக்கு வயது 30. தமிழ் நாவலில் அதுவரை யாரும் நுழையாத ஒரு குடிசைக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போன நாவல் அது. அகாதமி அவர் வீட்டு வாசலுக்கு வர 2020 ஆயிற்று, வேறொரு நாவலுக்காக.

ஆக, எழுதத் தொடங்கிய வேகத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்க அரசு சார்ந்த ஏற்பாடு எதுவும் பெரிதாக இல்லை. அந்த வேலையைத் தனியார் பரிசுகளும் சிறுபத்திரிகைகளும்தான் செய்துவந்தன. ஜெயமோகனின் 'ரப்பர்' 1990இல் அகிலன் நினைவுப் பரிசு வழியாகத்தான் புத்தகமாக வந்தது, அப்போது அவருக்கு வயது 28. இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பல புதியவர்களின் பெயரை ஊருக்குச் சொன்னது. யுவ புரஸ்கார் இந்த இடத்தில்தான் காலம் கடந்து வந்து சேர்ந்தது.

முதல் ஆறு ஆண்டுகள் நாவலின் காலம். 2011இல் ம. தவசியின் 'சேவல்கட்டு'. ராமநாதபுரம் பக்கத்துச் சேவல் சண்டை உலகம். கோழிச் சண்டையைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், அதில் மானத்தையும் சொத்தையும் வைத்து விளையாடும் மனிதர்களைச் சொன்ன நாவல். இதே 2011இல்தான் முதன்மை விருதும் சு. வெங்கடேசனின் முதல் நாவலான 'காவல் கோட்ட'த்துக்குப் போனது, அவருக்கு 41 வயது. ஒரே ஆண்டில் இரண்டு விருதும் தென்மாவட்டத்து நாவல்களுக்கு. தவசி அதற்குப் பிறகு அதிக ஆண்டுகள் இருக்கவில்லை, இளம் வயதிலேயே காலமானார். இந்த விருது மட்டும் இல்லாதிருந்தால் அவர் பெயரை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

2012இல் மலர்வதியின் 'தூப்புக்காரி'. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு நூலைத்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கையில் கொடுப்பேன். குமரி மாவட்டத்தில் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணி செய்யும் கனகம், அவள் மகள் பூவரசி. தாய் பிடித்த துடைப்பம் மகள் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் தாயின் ஒரே ஆசை. அது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் நாவல். வடிவ நேர்த்தி தேடுபவர்களுக்கு இதில் குறைகள் தென்படும். சில இடங்களில் அழுகை அதிகம், சில உரையாடல்கள் பிரசங்கமாகிவிடுகின்றன. ஆனால் கழிவறையைக் கழுவிவிட்டு வந்து, கையை எத்தனை முறை கழுவினாலும் அதே கையால் சோற்றைப் பிசைய முடியாமல் திணறுகிற உடம்பின் அருவருப்பை வெளியே நின்று பார்த்த எந்த எழுத்தாளராலும் எழுத முடியாது. பெரிய பதிப்பகமோ இலக்கிய வட்டமோ பின்னால் இல்லாத ஒரு பெண்ணின் புத்தகத்தைத் தேர்வுக் குழு எடுத்துப் படித்து முன்னால் வைத்தது. விருது என்று ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

2013இல் கதிர்பாரதியின் 'மெசியாவுக்கு மூன்று மச்சங்கள்', இந்த ஆறில் ஒரே கவிதைத் தொகுப்பு. தஞ்சை வட்டாரத்து விவசாய வாழ்வும் பைபிளின் சொல்லாட்சியும் கலந்த கவிதைகள். 2014இல் ஆர். அபிலாஷின் 'கால்கள்'. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் அன்றாடத்தை அனுதாபம் கேட்காமல் சொல்லும் நாவல். உடல் குறைபாட்டைத் தமிழ்ப் புனைவு தொடர்ந்து உருவகமாகவே பயன்படுத்திவந்திருக்கிறது. இங்கே அது படியேறுவதும் செருப்பு போடுவதும் பஸ் பிடிப்பதுமான நடைமுறைச் சிக்கல்.

2015இல் வீரபாண்டியனின் 'பருக்கை'. சென்னைக்குப் படிக்க வந்த கிராமத்துப் பையன்கள் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறிப் பிழைக்கும் கதை. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டே போகிறவனுக்கு, கடைசிப் பந்தி முடியும்வரை சாப்பாடு கிடையாது. சுற்றிலும் சோறு மலையாகக் குவிந்திருக்க அவன் வயிறு காய்கிறது. இந்த வேலை நகரத்தில் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிறது, நாமெல்லாரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நாவலாகப் பார்க்க வீரபாண்டியன் வர வேண்டியிருந்தது. 2016இல் லக்ஷ்மி சரவணகுமாரின் 'கானகன்', மேற்குத் தொடர்ச்சி மலையும் வேட்டையும் பளியர் பழங்குடியினரின் வாழ்வும். இது அவருடைய முதல் நாவல் அல்ல, 'உப்பு நாய்கள்' முன்பே வந்துவிட்டது.

2017க்குப் பிறகு நாவல் பின்வாங்குகிறது. 2017இல் மனுஷியின் கவிதைத் தொகுப்பு 'ஆதிக் காதலின் நினைவுக் குறிப்புகள்'. 2018இல் காரைக்குடி ஆயுர்வேத மருத்துவர் சுனீல் கிருஷ்ணனின் முதல் சிறுகதைத் தொகுப்பு 'அம்புப் படுக்கை'. 2019இல் சபரிநாதனின் 'வால்', 2020இல் சக்தியின் 'மரநாய்', இரண்டும் கவிதை. 2021இல் கார்த்திக் பாலசுப்பிரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', மென்பொருள் நிறுவன ஊழியர்களின் பதவி உயர்வும் வேலை இழப்பும் உள்ளே புழுங்கும் நாவல். 2022இல் ப. காளிமுத்துவின் கவிதைகள், 'தனித்திருக்கும் அரளிகளின் மதியம்'. அதற்குப் பிறகு மூன்று ஆண்டும் சிறுகதை: 2023இல் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்', 2024இல் லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்', 2025இல் லட்சுமிஹரின் 'கூத்தொன்று கூடிற்று'.

எண்ணிப் பார்த்தால் 15இல் நாவல் 6, கவிதை 5, சிறுகதை 4. ஆனால் அந்த 6 நாவல்களில் 5 முதல் ஆறு ஆண்டுகளிலேயே வந்துவிட்டவை. தேர்வுக் குழுக்களின் ரசனை மாறியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இணைய இதழ்கள் பெருகின, அவற்றில் சிறுகதைக்கு இடம் பெருகியது, எழுதிய மறுநாளே நாலு பேர் படித்துக் கருத்துச் சொல்லும் நிலை வந்தது. முப்பது வயதுக்குள் ஒருவர் பன்னிரண்டு நல்ல கதைகளைச் சேர்த்துத் தொகுப்பாக்குவது இன்றைக்கு நடக்கக்கூடியது. வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு நாவலை உட்கார்ந்து முடிப்பது அப்படியல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 15 பேரில் பெண்கள் இருவர், மலர்வதியும் மனுஷியும். இது என்னை உறுத்துகிறது, வயது வரம்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் இங்கேதான் தொடங்குகிறது. 2000ஐ ஒட்டித் தமிழ்க் கவிதையையே புரட்டிப் போட்டவர்கள் பெண்கள். மாலதி மைத்ரியும் சல்மாவும் 1968இல் பிறந்தவர்கள், சுகிர்தராணி 1973, குட்டி ரேவதி 1974. 2011இல் விருது தொடங்கியபோது இவர்கள் எல்லாரும் 35ஐத் தாண்டிவிட்டார்கள். தமிழில் இளைஞர்களுக்கான விருது பத்தாண்டுகள் முன்பே வந்திருந்தால் அதன் தொடக்க வரிசையே வேறாக இருந்திருக்கும். அது போகட்டும், காலம் செய்த கோலம். அதன் பிறகும் நிலைமை சரியாகவில்லையே. ஒரு பெண்ணுக்கு 25க்கும் 35க்கும் இடையிலான ஆண்டுகளில்தான் கல்யாணம், பிரசவம், குழந்தையின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருத்துவச் செலவு எல்லாம் வந்து விழுகின்றன. மேசையும் கதவும் கிடைக்கும்போது அவளுக்கு நாற்பது. அவள் முதல் தொகுப்பு வரும்போது விருது விதிப்படி அவள் இளம் எழுத்தாளர் இல்லை. 35 என்ற எண்ணை 40 ஆக்கினால் இதில் பாதியாவது சரியாகும் என்பது என் கருத்து. பிறந்த தேதிக்குப் பதிலாக முதல் நூல் வெளிவந்த தேதியிலிருந்து கணக்கிடலாம் என்பவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழிதான், 'புதிய எழுத்தாளர் விருது' என்று பெயரை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே.

பயன் என்ன என்றும் பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் பெரிய விஷயமில்லை. 2011இல் 50,000, 2025இலும் அதே 50,000. அன்றைக்கு அந்தத் தொகையில் ஒரு எழுத்தாளர் சில மாதம் விடுப்பெடுத்து எழுதலாம், இன்றைக்குச் சென்னையில் அட்வான்ஸ் கொடுத்து ஒரு சின்ன வீடு பிடிப்பதற்கே அது காணாது. இதை உயர்த்தாமல் வைத்திருப்பதற்கு நியாயமே இல்லை.

உண்மையான பயன் புத்தகத்துக்கு. இளம் எழுத்தாளரின் முதல் நூல் இன்றைக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறோ முந்நூறோ பிரதிதான் போகிறது. நண்பர்கள் வாங்கி முடித்தபின் அது பதிப்பாளரின் பட்டியலில் ஒரு வரியாகத் தங்கிவிடும். பல ஆண்டுகளில் ஜூன் மாதத்தில்தான் விருது அறிவிப்பு வரும். மறுநாள் நாளிதழ்களில் படத்தோடு செய்தி, அந்த வாரமே அடுத்த பதிப்புக்கு வேலை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் அட்டையில் 'சாகித்திய அகாதமி யுவ புரஸ்கார் பெற்ற நூல்' என்ற வரியோடு அதே புத்தகம் கண்ணில் படும் இடத்தில் நிற்கும். நூலகங்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் தேடி வாங்கும், ஆய்வேடுகளில் பெயர் வரும். சொந்த ஊரில் 'இவன் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறான்' என்றிருந்த குடும்பம், எழுதுவதும் ஒரு வேலைதான் என்று ஒத்துக்கொள்ளும். இந்தக் கடைசிப் பயனை யாரும் எழுதுவதில்லை, ஆனால் இளம் வயதில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நல்ல எழுத்தாளரை முதலில் கண்டுபிடித்தது எப்போதும் யுவ புரஸ்கார்தான் என்றும் சொல்ல முடியாது. சபரிநாதனின் முதல் தொகுப்பு 'களம்-காலம்-ஆட்டம்' 2011இலேயே வந்துவிட்டது. கவிதை வாசகர்களுக்கு அவர் யார் என்று தெரியும். இளம் கவிஞர்களுக்கான குமரகுருபரன் விருது 2017இல் தொடங்கியபோது முதலில் வாங்கியவர் அவர்தான். அகாதமி இரண்டு ஆண்டு கழித்து வந்தது. சிற்றிதழ் வட்டமும் வாசகர் அமைப்புகளும் முன்னே போக, அகாதமி பின்னால் வருவது ஒரு வகை. மலர்வதி விஷயத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. என் மதிப்பில் இரண்டாவதுதான் இந்த விருதின் தனிப் பங்களிப்பு. யாரும் பேசாத புத்தகத்தைத் தேடிப் பிடிப்பதில் தேர்வுக் குழுக்கள் இன்னும் துணிச்சல் காட்டலாம்.

முதன்மை விருதுக்கு இது படிக்கட்டா என்றால், இதுவரை இல்லை. 2024 வரையிலான தமிழ் முதன்மை விருதுகளில் யுவ புரஸ்கார் வாங்கியவர் எவரும் இல்லை. முதல் வரிசைக்காரர்கள் இப்போதுதான் நாற்பதுகளில் இருக்கிறார்கள், நல்ல எழுத்தைத் தர இன்னும் காலம் இருக்கிறது. சுனீல் கிருஷ்ணன், லக்ஷ்மி சரவணகுமார், அபிலாஷ் ஆகியோர் விருதுக்குப் பின்னும் நிற்காமல் எழுதிவருகிறார்கள். எனக்கு அதுதான் நிறைவு.

இந்த விருதின் எல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். இது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். போருக்குப் பிந்தைய ஈழத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் முப்பது வயதை ஒட்டியவர்கள் எழுதிய நாவல்கள் இதே காலத்தில் தமிழில் வந்தன, அவற்றில் சில மிக வலுவானவை. சட்டப்படி அவை இந்தப் பட்டியலுக்குள் வர முடியாது. ஆகவே யுவ புரஸ்கார் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு 'தமிழின் இளம் எழுத்து இதுதான்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் விஷயம். தாராளமாக அனுப்புங்கள். அகாதமி ஆண்டுதோறும் நாளிதழ்களிலும் தன் இணையதளத்திலும் அறிவிப்பு வெளியிட்டு நூல்களைக் கேட்கும். எழுத்தாளரே அனுப்பலாம், பதிப்பாளர் அனுப்பினாலும் சரி. நூலோடு வயதுச் சான்று இணைக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருப்பது நம் ஊரில் சகஜம், இருந்தால் இப்போதே சரிசெய்து வையுங்கள். மொழிக்கு மூன்று பேர் கொண்ட நடுவர் குழு படித்துப் பார்த்து ஒருமனதாகவோ பெரும்பான்மையாகவோ பரிந்துரைக்கும், செயற்குழு அதை ஏற்று அறிவிக்கும். நடுவர்களின் பெயர்கள் முடிவு வந்தபிறகுதான் வெளியாகும். அதற்கு முன்னால் 'சொல்லிவைக்கிறேன்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு 31 என்பதால் நான்கைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. முதல் தொகுப்பே போதும் என்று அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். மனுஷிக்குக் கிடைத்தது மூன்றாவது தொகுப்புக்கு, சபரிநாதனுக்கு இரண்டாவதுக்கு, லக்ஷ்மி சரவணகுமாருக்கு முதல் நாவலுக்குப் பிந்தைய நாவலுக்கு. அடுத்த நூலில் இப்போதே கை வையுங்கள். அதற்கிடையே 'தூப்புக்காரி'யையும் 'பருக்கை'யையும் 'வால்' தொகுப்பையும் தேடிப் படித்துவிடுங்கள். மூன்றும் மூன்று திசையில் போகிறவை. நூலகத்தில் கேட்டால் கிடைக்கும்.